கூட்டம் முடிந்த பின்னர் கேட்கப்பட்ட கேள்வி

காலபோக விதைப்புக்கு முன்னர், வன்னியில் மீளக்குடியேறிய கிராமம் ஒன்றில் உர மானியம் பற்றிய கூட்டத்துக்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து கமக்காரர் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு புறப்பட்ட பின்னரும் நாலைந்து தாய்மார் மட்டும் போகாமல் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் மூத்தவர்தான் வாய் திறந்தார். "சுவாமி, குறை நினையாதேங்கோ. எங்கட ஒழுங்கையில ஒரு மனிசி கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில செத்துப்போனா. அவவுக்கு வருசக்கணக்கா வெள்ளை பட்டது. எங்களுக்கும் முகாமில இருந்த காலந்தொட்டுப் படுகுது. அப்ப எங்களுக்கும் அதுதானோ?"

எம்முடன் வந்திருந்த அருட்சகோதரி முன்னர் தாதியாகப் பணியாற்றியவர். அவர் அத்தாய்மாரை ஒரு வீட்டுத் திண்ணைக்கு அழைத்துச் சென்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினார். திரும்பும் வழியில், இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு எவரிடமும் கேளாமல் இருப்பவர்கள் எத்தனை பேரோ என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஆகவே நெல்லையும் குளத்தையும் பற்றி எழுதும் இப்பக்கத்தில் இம்முறை இதனை எழுதத் துணிந்தோம். துறவறத்தார் இதையெல்லாம் எழுதுவதா என்று முகம் சுழிக்கும் அன்பர்கள் இருப்பர். இந்நோயால் இறந்த தாய்மாரின் அடக்கச் சடங்குகளுக்கு எம்மைத்தான் அழைக்கிறார்கள். அடக்கத்துக்குப் போகிறவர்கள் அதற்கு முன்னரே பேசுவதில் பிழையில்லை என்பதே எமது எண்ணம்.

அத்தாய்மாரின் கேள்விக்கு 'ஆம்' என்பதும் பிழை, 'இல்லை' என்று சொல்லி அனுப்பிவிடுவதும் பிழை.

வெள்ளைபடுதல் புற்றுநோய் அன்று. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம் ஹியூமன் பப்பிலோமா வைரசு, சுருக்கமாக எச்.பி.வி. இதில் 200க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றுள் ஏறத்தாழ 14 வகைகளே புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியவை. அவற்றிலும் 16ஆம், 18ஆம் இலக்க வகைகள் இரண்டுமே இப்புற்றுநோயில் ஏறத்தாழ 70 வீதத்துக்குப் பொறுப்பு. ஜேர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனின் குழுவினர் 1983இலும் 1984இலும் இவ்விரு வகைகளையும் இனங்கண்டனர். இதற்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஆராயத் தொடங்கிய காலத்தில், வேறொரு தொற்றான ஹேர்பீஸ் வைரசுதான் காரணம் என்று பலரும் நம்பியிருந்தனர். இன்னும் பின்னே போனால், 1842இல் இத்தாலியின் வெரோனா நகரைச் சேர்ந்த ரிகோனி ஸ்டேர்ன் என்ற வைத்தியர் இறப்புப் பதிவேடுகளைப் புரட்டி, கருப்பைப் புற்றுநோய் மணமான பெண்களிடத்திலும் விதவைகளிடத்திலும் காணப்படுவதையும், கன்னியாஸ்திரிகளிடத்தில் மிக அரிதாயிருப்பதையும் கவனித்திருந்தார். தாம்பத்திய உறவின் மூலம் தொற்றும் ஏதோ ஒன்று காரணமாக இருக்கவேண்டும் என்ற ஐயம் அவ்வளவு பழையது.

இங்கே ஒரு விடயத்தை எல்லோரும் நிதானமாகக் கேட்கவேண்டும். உறவின் மூலம் தொற்றுவது என்றதும் எமது ஊர்களில் உடனே ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சுத் தொடங்கிவிடும். இவ்வைரசு அவ்வளவு பரவலானது. திருமண வாழ்வு வாழும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாழ்நாளில் ஏதோ ஒரு வேளையில் தொற்றாமல் விடுவது அரிது. ஒரே கணவனுடன் வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். ஆணிடம் பெரும்பாலும் எந்த அடையாளமும் தெரியாது. தன்னிடம் இருப்பதை அறியாமலே கொடுத்துவிடுவான். பல ஆண்டுகளுக்கு முன் தொற்றியது இன்று தெரியவரலாம். ஆகவே பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியையோ கணவனையோ விசாரணை செய்வதில் நியாயமில்லை. போர்க்காலத்தில் தம் விருப்பத்துக்கு மாறாகத் துன்புறுத்தப்பட்ட பெண்களும் எம்மத்தியில் இருக்கிறார்கள் என்பதை மறவாதிருப்போமாக.

தொற்றிய எல்லோருக்கும் புற்றுநோய் வருவதுமில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு, ஓரிரு ஆண்டுகளுக்குள் உடம்பே அதனை வென்று வெளியேற்றிவிடுகிறது. எஞ்சியவர்களில் வைரசு போகாமல் தங்கிவிடுகிறது. அவ்வாறு தங்கியதிலிருந்து புற்றுநோய் உருவாகப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவர்களில் இன்னும் விரைவாகும். ஆகவே யாரிடத்தில் தங்குகிறது, ஏன் தங்குகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. அந்தத் தாய்மாரின் கேள்வியும் இங்கேதான் வந்து பொருந்துகிறது.

பாலில் உறைமோர் விட்டால் தயிராவது எல்லோருக்கும் தெரியும். அந்த வேலையைச் செய்வது லக்டோபசிலசு என்ற பக்றீரியாக் குடும்பம். அதே குடும்பத்தைச் சேர்ந்த பக்றீரியாக்கள் சுகமாயுள்ள பெண்ணின் பிறப்பு வழியிலும் வாழ்கின்றன. அவை அங்கே புளிப்பை உண்டாக்கி, தீய கிருமிகள் பெருகாமல் காவல் செய்கின்றன. பயிர் அடர்ந்து நிற்கும் வயலில் களைக்கு இடமில்லாதது போன்றது இது. பயிர் ஐதாகினால் களை ஏறும். அவ்வாறே இந்த நல்ல பக்றீரியாக்கள் குறையும்போது, சாதாரணமாகச் சிறிதளவே இருக்கும் வேறு பக்றீரியாக்கள் பெருகி, சாம்பல் கலந்த வெண்மையான, மீன் வாடை வீசும் நீர்த்த கசிவு ஏற்படுகிறது. பலருக்கு அந்த வாடையும் இல்லாமலே இருந்துவிடும். பெண்களில் மிகப் பரவலாகக் காணப்படும் பிறப்பு வழிக் கோளாறு இதுவே.

இந்நிலையில் புளிப்புக் குறைகிறது. பெருகிய பக்றீரியாக்கள் கருப்பைக் கழுத்தை மூடியிருக்கும் சளிப் படையைக் கரைக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. உட்தோலில் அழற்சி ஏற்படுகிறது. எச்.பி.வி. தோலின் அடிப்படையிலுள்ள கலங்களைச் சென்றடைந்தால்தான் குடியேற முடியும். சேதமடைந்த உட்தோல் அதற்கு வழி திறந்துவிடுகிறது. ஏற்கெனவே வந்த வைரசை வெளியேற்றும் உடம்பின் முயற்சியும் தளர்கிறது. 12 ஆய்வுகளில் பங்குபற்றிய 6,000க்கு மேற்பட்ட பெண்களின் விபரங்களை ஒன்றுசேர்த்து 2011இல் வெளியான கணிப்பொன்று, இக்கோளாறு உள்ள பெண்களிடத்தில் எச்.பி.வி. காணப்படும் சாத்தியம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு என்று காட்டியது. இது பெரிய மடங்கன்று. ஆனால் இக்கோளாறு எத்தனை இலட்சம் பெண்களிடத்தில் உண்டு என்று எண்ணிப் பார்த்தால் சிறிய விடயமும் அன்று. உறவின் மூலம் தொற்றும் திரைக்கொமோனாசு, கிளமீடியா ஆகியவற்றுக்கும் இவ்வகைத் தொடர்பு கூறப்படுகிறது. தயிர்க்கட்டி போல் வெளிப்பட்டுக் கடுமையாகக் கடிக்கும் பூஞ்சணத் தொற்று, நீரிழிவு உள்ளவர்களுக்கு அடிக்கடி வருவது, வேறு வகை. அதற்கும் எச்.பி.வி.க்கும் இடையே அத்தகைய தெளிவான தொடர்பு காட்டப்படவில்லை.

எது முந்தியது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். தொற்று வைரசுக்கு வழிவிடுகிறதா, அல்லது வந்த வைரசு நல்ல பக்றீரியாக்களைக் குறைக்கிறதா? இரண்டும் நடக்கலாம் என்றே இப்போதைய ஆய்வுகளிலிருந்து தோன்றுகிறது. ஆகையால் 'வெள்ளைபடுதலைக் கவனியாவிட்டால் புற்றுநோய்' என்று பயமுறுத்தும் எவரையும் நம்பவேண்டாம்.

முகாம்களில் இருந்தவர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள், 2009இல் மெனிக்பாமில் கூடாரத்துக்குள் வாழ்ந்தவர்கள், ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள், உடுத்த துணியோடு எல்லோர் முன்னிலையிலும் குளித்தவர்கள், மாதவிடாய்த் துணியை வெயிலில் காயப்போட வழியில்லாமல் கூடாரத்துக்குள்ளேயே ஈரத்தோடு மடித்து வைத்தவர்கள் அனைவரும் எமது வாசகர்களே. அக்காலத்தில் வந்த வெள்ளைபடுதலை 'உடம்புச் சூடு' என்று பெயரிட்டு இளநீரும் வெந்தயமும் கற்றாழையும் சாப்பிட்டுச் சமாளித்தார்கள். அவற்றைச் சாப்பிடுவதால் தீங்கில்லை. ஆனால் தொற்று அதனால் மாறாது. தொற்றின் வகைக்கேற்ற குளிசையோ பூசும் மருந்தோ வைப்பு மருந்தோதான் வேண்டும். திரைக்கொமோனாசு என்றால் கணவனும் மனைவியும் இருவரும் மருந்து எடுக்கவேண்டும். ஒருவர் மட்டும் எடுத்தால் திரும்பவும் வரும். கணவன்மார் பின்வாங்குவது இங்கேதான். "எனக்கொன்றுமில்லை, உனக்குத்தானே" என்பார்கள். அவர்களுக்கு நோவு இல்லாததால் நோயும் இல்லை என்பது அவர்கள் கணக்கு.

துப்புரவு பற்றியும் ஒரு சொல். தாம் அசுத்தமாயிருப்பதாக எண்ணி, சவர்க்காரம், கிருமிநாசினி, உப்புத் தண்ணீர், தேசிக்காய்ப் புளி ஆகியவற்றால் உள்ளே கழுவும் தாய்மார் உண்டு. இது களையோடு பயிரையும் பிடுங்குவது போலாகும். காவலாயிருக்கும் நல்ல பக்றீரியாக்கள்தான் முதலில் போய்விடும். வெளியே சாதாரண தண்ணீரால் கழுவினாற் போதும். உள்ளே ஒன்றும் விடவேண்டாம். எல்லா வெள்ளைபடுதலும் நோயுமன்று. மாதத்தின் நடுப்பகுதியிலும் கருவுற்ற காலத்திலும் வாடையில்லாத, கடியில்லாத தெளிந்த கசிவு ஏற்படுவது இயற்கை.

இப்போது எமது முக்கிய கருத்துக்கு வருகிறோம். தொற்றுக்கு மருந்து எடுத்து வெள்ளைபடுதல் நின்றுவிட்டால், எச்.பி.வி. போய்விட்டது என்று பொருளல்ல. வைரசைக் கொல்லும் குளிசை இதுவரை கிடையாது. வெள்ளைபடுதலே இல்லாத பெண்ணிடத்திலும் வைரசு ஓசையின்றி வேலை செய்துகொண்டிருக்கலாம். அது நோகாது, கடிக்காது. ஆகவே வெள்ளைபடுதலுக்காகக் கிளினிக்குக்குப் போகும் பெண், மருந்தோடு திரும்பிவிடாமல், கருப்பைக் கழுத்தையும் பார்த்துவிடும்படி கேட்கவேண்டும். ஒரு பயணத்தில் இரு வேலை. கடுமையான அழற்சி இருந்தால் முதலில் அதைச் சுகப்படுத்திவிட்டுச் சோதனைக்குத் திரும்ப வரச் சொல்வார்கள். அலைக்கழிக்கிறார்கள் என்று கோபிக்கவேண்டாம். அழற்சி மிகுந்த நிலையில் எடுத்த மாதிரியில் கலங்கள் தெளிவாகத் தெரிவதில்லை.

அந்தச் சோதனை 'பப்' சோதனை எனப்படும். மாதவிடாய் இல்லாத நாளில் போகவேண்டும். முந்திய இரண்டு நாட்களில் உறவும், உள்ளே வைக்கும் மருந்தும் தவிர்க்கவேண்டும். படுக்கவைத்து, ஒரு கருவியால் பிறப்பு வழியைச் சற்று விரித்து, கருப்பைக் கழுத்திலிருந்து சில கலங்களைச் சுரண்டி எடுப்பார்கள். சில நிமிட வேலை. கூச்சமாயும் சற்று அசௌகரியமாயும் இருக்கும், வெட்டுக்கொத்து ஒன்றுமில்லை. "பிழையென்று வந்தால் கருப்பையை எடுத்துவிடுவினம்" என்ற பயமே பலரைத் தடுக்கிறது. புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் என்றால், அந்த இடத்தை மட்டும் குளிரூட்டியோ சூடாக்கியோ அழிக்கலாம், அல்லது சிறு துண்டாக வெட்டி எடுக்கலாம். கருப்பை அப்படியே இருக்கும். வைரசையே நேரடியாகக் கண்டுபிடிக்கும் மரபணுச் சோதனையும் இப்போது உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதனையே சிறந்த முறையாகப் பரிந்துரைத்தது. அதற்கான மாதிரியைப் பெண்ணே தன் கையால் எடுத்துக் கொடுக்கவும் முடியும். எமது கிராமங்களுக்கு இது எவ்வளவு பொருத்தமானது என்பதைச் சுகாதாரத் துறையினர் சிந்திக்கவேண்டும்.

இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996இல் ஆரம்பிக்கப்பட்டன. 35 வயதுப் பெண்களை முதன்மையாக அழைத்தாலும் அதற்கு மேற்பட்டோரும் செல்லலாம். இப்போது ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1996க்கும் 2009க்கும் இடையில் 35 வயதை அடைந்த வன்னிப் பெண், அவ்வாண்டுகளை எங்கே கழித்தார்? பதுங்குகுழியிலும், மரநிழலிலும், முகாமிலும். அவரை எந்தக் கிளினிக் அழைத்தது? இன்று அவர் ஐம்பதையும் அறுபதையும் தொட்டுவிட்டார். மாதவிடாய் நின்றுவிட்டது, இனி இதெல்லாம் எதற்கு என்று பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இளவயதில் தங்கிய வைரசு 15, 20 ஆண்டுகள் கழித்துத் தன் வேலையைக் காட்டும் வயதே இது. 35 வயதுக்காரரைத் தேடிப் பட்டியலிடும்போது, அந்த வயதைப் போர் விழுங்கிய பெண்களுக்கும் ஒரு தனிப் பட்டியல் வேண்டும் என்பதே எமது கோரிக்கை. அதுவரை காத்திராமல் அத்தாய்மார் தாமாகவே போகலாம். மாதவிடாய் நின்ற பின் இரத்தம் கண்டாலோ, உறவின் பின் இரத்தம் பட்டாலோ, நாறும் நீரோடு இரத்தம் கலந்து வந்தாலோ, கிளினிக் நாளுக்கும் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கிளினிக்குக்குப் பெண்கள் வருவதில்லை என்ற குறை எம் காதில் அடிக்கடி விழுகிறது. அறுவடை மும்முரத்தில், பங்குனியில், காலை எட்டரைக்குக் கிளினிக் வைத்துவிட்டு, ஆட்கள் வரவில்லை என்று பதிவு எழுதிய ஓரிடத்தை நாம் அறிவோம். நாட்கூலிக்குக் களை பிடுங்கும் பெண் ஒரு நாள் போனால் ஒரு நாட் சம்பளம் போகும். பஸ் காசு வேறு. விதைப்புக்கும் களையெடுப்புக்கும் இடையில், அறுவடைக்கும் சிறுபோகத்துக்கும் இடையில் ஓய்வான வாரங்கள் உண்டு. அவ்வாரங்களைக் கமக்காரர் அமைப்பைவிட நன்றாக அறிந்தவர் யார்? அமைப்பின் செயலாளரும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சென்று நாளைப் பேசி முடிவு செய்யலாம். நீர் திறக்கும் திகதியை அறிவிக்கும் அதே கூட்டத்தில் இந்தத் திகதியையும் அறிவிக்கலாம். ஆண்கள் இருக்கும்போதே அறிவிக்கவேண்டும். நெல் ஏற்றும் உழவு இயந்திரம் ஒரு நாள் தாய்மாரை ஏற்றிப் போனால் குறைந்துவிடாது.

இன்னொன்று. பப் சோதனையின் முடிவு அன்றே கிடைப்பதில்லை, வாரக்கணக்காகும். போரின்போது மாதிரி கொடுத்த இடம் ஒன்று, முடிவு வந்த வேளையில் இருந்த இடம் வேறொன்று என்று பல பெண்களுக்கு நேர்ந்தது. இன்றும் உறவினர் காணியிலும் வாடகைக் கொட்டிலிலும் இடம் மாறிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். முடிவைக் கேட்டுப் போகாவிட்டால் சோதனை செய்ததும் செய்யாததும் ஒன்றே. இடம் மாறும்போது குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றைப் பொலித்தீனில் சுற்றி வைத்த ஒரு பை உண்டு. ஓடும்போதெல்லாம் கையில் எடுத்த பை. கிளினிக் அட்டையும் முடிவுத் துண்டும் அதற்குள் இருக்கட்டும்.

பெண்பிள்ளைகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 2017இலிருந்து எமது நாட்டில் பாடசாலைகளில் ஆறாம் தர மாணவியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. வைரசு தொற்றுவதற்கு முன்னரே போட்டால்தான் முழுப் பயன். பத்துப் பதினொரு வயதில் போடுவதன் காரணம் அதுவே. அது பிள்ளையைக் கெடுக்கும், மலடாக்கும் என்பதெல்லாம் வெறும் கதை. ஊசி போட்ட பிள்ளையும் வளர்ந்தபின் சோதனைக்குப் போகவேண்டும். எல்லா வகைகளையும் ஊசி தடுக்காது. 2022இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 6 இலட்சத்து 60 ஆயிரம் பெண்களுக்கு இப்புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 3 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் எம்மைப் போன்ற வசதி குறைந்த நாடுகளின் பெண்கள்.

கேள்வி கேட்ட அந்தத் தாய் தம் பேத்திக்குப் பாடசாலையிலிருந்து வந்த கடிதத்தையும் சகோதரியிடம் காட்டினாராம். "இந்தச் சின்னப் பிள்ளைக்கு ஏன் இந்த ஊசி?" என்று மகன் கையெழுத்து வைக்கவில்லை. கடிதம் பத்து நாட்களாக இறப்பில் செருகிக் கிடந்ததாம். அடுத்த மாதம் நாம் போனபோது கையெழுத்து விழுந்திருந்தது. தாய் இன்னும் கிளினிக்குக்குப் போகவில்லை. சூடடிப்பு முடியட்டும் என்றார். திகதியைக் கேட்டோம். சொன்னார். குறித்து வைத்திருக்கிறோம்.